உயிரோடு இருக்கிறவளின் கண்ணீர் அஞ்சலி

மார்ச் 11, 2025 – செவ்வாய்

இன்றைக்கும் அழுதேன். காலை ஏழு மணியிலிருந்து பின்னேரம் மூன்று மணி வரை, யாழ்ப்பாணத்தில் யாரோ ஒருவரின் பழைய கல்வீட்டு முற்றத்தில், யாரென்றே தெரியாத ஒருவனின் சவப்பெட்டியைச் சுற்றி இருந்து அழுதேன். பெட்டிக்குள் ஆளில்லை. இரண்டு சீமெந்துக் கல்லை வைத்திருந்தார்கள். தூக்குகிறவர்களுக்குப் பாரம் தெரிய வேண்டுமாம்.

முகப்பூச்சுக்காரப் பிள்ளை என்னைப் பார்த்துவிட்டுப் பின்னால் நின்றவரிடம் கேட்கிறாள்: "இந்த அன்ரி கதைப்படி தீவாள்தானே? பாத்தால் அப்பிடித் தெரியேல்லையே. இன்னும் கொஞ்சம் கறுப்படிக்கட்டோ?" நான் தீவில், ஊர்காவற்றுறையில் பிறந்து, ஊர்காவற்றுறையில் கலியாணம் முடித்து, ஐம்பத்திரண்டு வருடமாக அதே வெயிலில் கருவாடு காயப்போடுகிறவள். தீவாள் மாதிரித் தெரியவில்லையாம். பூசினாள். பொம்மை மாதிரி இருந்து கொடுத்தேன்.

பிறகு சாப்பாடு. முதலில் வசனம் பேசுகிறவர்கள், பிறகு கமெராக்காரர், பிறகு வான் ஓடுகிறவர்கள், கடைசியாக நாங்கள். எங்கள் முறை வரும்போது சட்டியில் குழம்பும் கோழிக் கழுத்தும். அழுகிறவர்களுக்குப் பசிக்காது என்று நினைக்கிறார்களோ என்னவோ.

அருவருப்பாக இருக்கிறது. அவர்களில் பாதி, என்னில் பாதி. யாரும் என்னைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போகவில்லையே.

மார்ச் 12

பூசியது இன்னும் போகவில்லை. தேங்காயெண்ணெய் போட்டுத் தேய்த்தேன். தலையணை உறை நாசம்.

மார்ச் 29 – சனி

சசிகரன் போன் எடுத்தான். படப்பிடிப்புகளுக்கு ஆள் சேர்த்துக் கொடுக்கிறவன். நாங்கள் அவனுக்கு "கிறவுட்". ஒருமுறை அவனுடைய போனில் என் பெயர் எப்படிப் பதிந்திருக்கிறது என்று என் கண்ணாலேயே கண்டேன்: "எமிலி – அழுகை". பக்கத்தில் புங்குடுதீவு மனோகரியின் பெயர். "மனோகரி – அழுகை, சந்தை". அவளுக்கு இரண்டு திறமை.

கனடாவிலிருந்து ஒரு பிள்ளை வந்து படம் எடுக்கிறானாம், ஹரிஷன் என்று பெயர். தீவுப் பெண் ஒருத்தியின் புருசன் கடலுக்குப் போய்த் திரும்பி வராத கதை. கதாநாயகி கொழும்பில் நாடகங்களில் நடிக்கும் மிதுஷா. படப்பிடிப்பு மண்கும்பானிலும் குறிகட்டுவானிலும்.

"இந்த முறை உங்களுக்கு வசனம் கிடைச்சாலும் கிடைக்கும் அக்கா."

பதினான்கு வருடமாக இதைத்தான் சொல்கிறான். 2011இல் கொழும்பிலிருந்து நாடகக்காரர் வந்து எங்கள் துறைமுகத்தில் கூடை தூக்க நாலு பெண்கள் கேட்டபோது வேடிக்கையாகப் போனவள் நான். அன்றையிலிருந்து சந்தையில் மீன் விலை கேட்டிருக்கிறேன், வாய் அசையும், சத்தம் வராது. ஆசுப்பத்திரியில் நோயாளர் வாங்கில் இருந்திருக்கிறேன். கலியாண வீட்டில் வெறும் இலைக்கு முன்னால் இருந்து மென்றிருக்கிறேன். செத்த வீடுகளில் எப்போதும் நாலாவது வரிசை. ஒன்பது வருடத்துக்கு முன்னர் ஒரு பாட்டு வீடியோவில், கள்ளுக் கொட்டிலில் ஆம்பிளைகளுக்கு நடுவில் மூன்று விநாடி இருந்தேன். அதை என் தங்கச்சி மாக்கிறேற் பாரிசில் ஒரு கலியாண மண்டபத்துப் பெரிய திரையில் பார்த்துவிட்டாள். எங்கள் தகப்பனை இழுத்து, "ஐயாவின்ரை பேரை விக்கிறாய்" என்று போனில் சொன்னாள். அதுதான் கடைசியாகச் சொன்னது. ஒன்பது வருடம்.

இவ்வளவுக்கும் என் வாயிலிருந்து ஒரு வசனம் எந்தப் படத்திலும் வந்ததில்லை. ஒன்றே ஒன்று போதும். பேசிவிட்டு விட்டுவிடுவேன்.

ஏப்ரல் 3

எழுத வேண்டும். எப்படித் தொடங்குவது?

மண்கும்பான் கடற்கரையில் எல்லாரையும் இருத்திக் கதையை வாசித்தார்கள். பக்கத்து வீட்டுக்காரியாக நடிக்க வேண்டியவள் வரவில்லை. "ஆராவது வாசியுங்கோ" என்றான் ஹரிஷன். நான் தாளை வாங்கினேன். அதில் இருந்த வசனம்: "மகளே, இந்தக் கடல் உன் கணவனை விழுங்கிவிட்டது."

வாசித்தேன். வாசித்துவிட்டு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "தம்பி, இப்பிடி ஒருத்தரும் சொல்லாயினம்" என்றேன்.

"அப்ப எப்பிடிச் சொல்லுவினம் அன்ரி?"

சொன்னேன். முப்பத்தேழு வருடமாக யாருக்கும் சொல்லாததை, தலைக்குத் தொப்பி போட்ட ஒரு கனடாப் பிள்ளைக்குச் சொன்னேன். 1988 நவம்பர், வாடைக் காற்று தொடங்கிய நேரம். ஐயாவோடு கடல் தொழிலுக்குப் போன மற்ற இரண்டு பேரும் கரைக்கு வந்தார்கள். ஐயா இல்லை. கரையில் நின்ற ஆம்பிளைகள் ஒருவருக்கும் எங்கள் வீட்டுப் படலையைத் திறக்கத் தைரியமில்லை. "பிள்ளை, நீ போய் அம்மாட்டைச் சொல்லு" என்று என்னை அனுப்பினார்கள். எனக்குப் பதினைந்து. மாக்கிறேற்றுக்குப் பன்னிரண்டு. அவள் என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தாள். அம்மா குசினியில் தேங்காய் திருவிக்கொண்டிருந்தா. நான் சொன்னேன்:

"வள்ளம் வந்திட்டுது. ஐயா வரேல்லை."

அவ்வளவுதான். அழவில்லை. அம்மாவும் அழவில்லை. திருவிக்கொண்டே இருந்தா. தேங்காய் முடிந்து சிரட்டை தேயத் தொடங்கியது, அப்போதும் நிறுத்தவில்லை. அந்தச் சத்தம். அழுகை அடுத்த நாள்தான் வந்தது. செத்த வீட்டில் எல்லாரையும் முதல் நிமிடத்திலேயே நெஞ்சில் அடிக்கச் சொல்லுகிற இவர்களுக்கு அது எங்கே தெரியும்.

ஹரிஷனுக்குக் கண் கலங்கிவிட்டது. போனில் எழுதிக்கொண்டான். பிறகு எல்லாருக்கும் முன்னால் சொன்னான்: "அன்ரி, பக்கத்து வீட்டுக்காரி நீங்கள்தான். இந்த வசனத்தை நீங்கள்தான் சொல்லுறீங்கள்."

வரும்போது பஸ்ஸில் எனக்கு இருக்க இடம் கிடைத்தது. இருக்க மனமில்லாமல் நின்றுகொண்டே வந்தேன்.

ஏப்ரல் 8

படத்துக்காக மாற்றியது: "வள்ளம் வந்திட்டுது பிள்ளை. அவர் வரேல்லை." குசினியில் சொல்லிப் பார்க்கிறேன், கிணற்றடியில் சொல்லிப் பார்க்கிறேன். வலை தைத்துக்கொண்டிருந்த என் மனுசன் பிலேந்திரன் தலையை நிமிர்த்தாமல், "இஞ்சரும், ஆர் வரேல்லை?" என்று கேட்டார். படத்துக்கு என்றேன். "வந்த ஆளுக்குத் தேத்தண்ணி தாரும் அப்ப" என்றார்.

ஏப்ரல் 18 – பெரிய வெள்ளி

சிலுவைக்குக் கீழே நிற்கும் மாதா சுரூபத்தை இன்று வடிவாகப் பார்த்தேன். வாய் மூடியபடிதான் இருக்கிறது. எந்த இயக்குனரும் அவவைத் தெரிவு செய்ய மாட்டான்.

ஏப்ரல் 26 – சனி

நாய்கள்.

இரு, ஒழுங்காக எழுதுகிறேன்.

காலையிலேயே கறுத்த கரை வைத்த சேலை கட்டிக்கொண்டு போனேன். எட்டு மணிக்குச் சசிகரன் வந்து ஓரமாகக் கூப்பிட்டான். முகத்தைப் பார்க்கவில்லை, மண்ணைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "அக்கா, ஒரு சின்ன மாற்றம். அந்த வசனத்தை மிதுஷாவே தன்ரை பிள்ளைக்குச் சொல்லுற மாதிரி மாத்தியிருக்கினம். அதுதான் கனமாய் இருக்குமாம்."

"அப்ப பக்கத்து வீட்டுக்காரி?"

"அவ இப்ப கதையிலை இல்லை."

ஹரிஷன் பிறகு வந்தான். என் தோளில் கையை வைத்தான். "அன்ரி, நீங்கள் சொன்ன விசயம் நான் நினைச்சதைவிடப் பெரிசு. அதைக் கதையின்ரை நடுவிலை வைக்கோணும். நீங்கள் எங்களுக்குத் தந்த பரிசு இது" என்றான். பரிசு! நான் எப்போது கொடுத்தேன்? சொன்னேன். சொல்லுறதும் குடுக்கிறதும் ஒண்டோ?

அதோடு விட்டார்களா? மிதுஷா தேங்காய் திருவ வேண்டும். ஐயோ, அந்தப் பிள்ளைக்குத் திருவலையில் இருக்கவே தெரியவில்லை. நகம் விரல் நீளத்துக்கு இருக்கிறது. உடனே யாரோ சொன்னார்கள், "கை மட்டும் எமிலி அன்ரியின்ரை கையை எடுப்பம்." என் முகம் தெரியாதபடி துணியால் மூடி, அவள் கட்டியிருந்த சேலைத் தலைப்பை என் முழங்கையில் சுற்றி, என் கையைக் கிட்டத்தில் வைத்துப் படம் பிடித்தார்கள். "சிரட்டை தேயும் வரைக்கும் திருவுங்கோ அன்ரி."

திருவினேன். எழும்பி வந்திருக்கலாம்தானே? வரவில்லை. பழக்கம். "நில்" என்றால் நிற்பதும் "அழு" என்றால் அழுவதும் பதினான்கு வருடப் பழக்கம். அம்மா அன்று திருவிய சத்தம் அப்படியே வந்தது. ஹரிஷன் "அற்புதம்" என்றான்.

சாப்பாட்டுக்கு நிற்கவில்லை.

ஏப்ரல் 27

நகத்துக்குள் இன்னும் தேங்காய்ப்பூ.

மே 2

படத்தின் கலைப் பகுதியில் வேலை செய்யும் பிள்ளை ஒன்று போன் எடுத்தது. "அன்ரி, உங்கடை முழுப்பேர் என்ன? பிறந்த திகதி? ஒரு வடிவான படமும் அனுப்புங்கோ."

என் மனம் ஒரேயடியாக இளகிவிட்டது. படம் முடிய மேலே ஓடும் பெயர் வரிசையில் போடத்தான் கேட்கிறார்கள். வசனத்தைப் பறித்ததற்குப் பெயராவது போடட்டும். "எமிலி பிலேந்திரன், ஊர்காவற்றுறை" என்று சொல்லி, எழுத்துக்கூட்டிக் கொடுத்தேன். போன வருடத்துத் திருநாளுக்கு எடுத்த படம், நீலச் சேலை, அதை அனுப்பினேன். "வடிவாய் இருக்கிறீங்கள் அன்ரி" என்றது அந்தப் பிள்ளை.

எவ்வளவு லேசாக இளகிப் போகிறேன்.

மே 7

காலை ஒன்பது மணி. மனோகரியின் அழைப்பு. "ஹலோ" என்றேன். அந்தப் பக்கம் மெதுவாக, "எமிலி அக்கா… நீங்கள் இருக்கிறியளோ?"

"இருக்காமல்?"

"நான் இப்ப குறிகட்டுவானிலை நிக்கிறன் அக்கா. நயினாதீவுக்குப் போக வந்தனான். இஞ்சை உங்களுக்குக் கண்ணீர் அஞ்சலி கட்டியிருக்கினம்."

படம் எடுத்து அனுப்பினாள். இறங்குதுறைக்கு ஏறுகிற இடத்தில், ஆளுயரப் பனர். ரோசாப்பூ, பறக்கிற புறா, சிலுவை. நடுவில் நீலச் சேலையில் நான் சிரித்துக்கொண்டு. "கண்ணீர் அஞ்சலி. அமரர் எமிலி பிலேந்திரன், ஊர்காவற்றுறை." பிறப்பு என் உண்மையான பிறந்த நாள். இறப்பு, போன மாதம். கீழே "உங்கள் பிரிவால் துயருறும் உற்றார் உறவினர்".

சசிகரனுக்கு எடுத்தேன். கதாநாயகியின் மாமியார் கதைப்படி செத்துவிட்டாவாம். துறையில் காட்சி எடுக்க ஒரு பனர் தேவைப்பட்டதாம். "பொய்ப் பேர் ஒண்டைப் போட்டால் அது வேறை ஆற்றையும் பேராய் இருந்து பிரச்சினை வரும் அக்கா. அதுதான் உங்களிட்டைக் கேட்டுப் போட்டது."

என்னிடம் எதைக் கேட்டார்கள்? நான் சாகிறேனா என்றா கேட்டார்கள்?

"கழட்டு."

"இன்னொரு காட்சி மிச்சம் இருக்கு அக்கா. காத்து கொஞ்சம் அடங்கட்டும். ஒரு கிழமை."

மே 11

எங்கள் ஆட்களுக்குச் சுவரில் கண்ணீர் அஞ்சலி கண்டால் நின்று வாசிக்காமல் போக முடியாது. நானும் அப்படித்தான். குறிகட்டுவானில் யாழ்ப்பாண பஸ் வந்து நிற்கிறது, நெடுந்தீவுக்கும் நயினாதீவுக்கும் போகிற அவ்வளவு பேரும் என்னைத் தாண்டித்தான் வள்ளம் ஏறுகிறார்கள். வெளிநாட்டிலிருந்து வந்த யாரோ படம் பிடித்துப் பேஸ்புக்கில் போட்டிருக்கிறார்கள். "ஆழ்ந்த இரங்கல்" என்று இருநூறு பேர். அதில் நாலைந்து பேர் வழியில் என்னைக் கண்டால் தலையாட்டாத ஆட்கள்.

பிலேந்திரன் மீன் விற்கிற வாடியில் நிற்க, ஆட்கள் வந்து கையைப் பிடித்தார்களாம். எழுவைதீவிலிருந்து ஒருவர் வள்ளத்தில் வந்து இறங்கி நேரே வந்து கட்டிப்பிடித்தாராம். வீட்டுக்கு வந்து சொன்னார்: "இஞ்சரும், நீர் செத்ததை எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம். நான் பாட்டுக்கு ஆக்களோடை சிரிச்சுக் கதைச்சுக்கொண்டு நிண்டிட்டன்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. குசினிக்குள் போய் இருந்தேன். நடிக்க வந்த நாளிலிருந்து என் முகம் எங்கேயும் தெளிவாக வந்ததில்லை. இப்போது வந்திருக்கிறது. ஆளுயரத்தில்.

மே 18 – ஞாயிறு

கோவில் சேலைகூட மாற்றாமல் எழுதுகிறேன்.

காலைப் பூசை. புதுப் பாதர் போன மாதம்தான் மாறி வந்தவர், அவருக்கு எங்களை இன்னும் தெரியாது. பூசை தொடங்க முன்னர், இன்றைய பூசை யார் யாருக்காக என்ற கருத்துகளை வாசித்தார். ஒன்று, இரண்டு. மூன்றாவது:

"மரித்த எமிலி பிலேந்திரனின் ஆன்ம இளைப்பாற்றிக்காக, பிரான்சில் வசிக்கும் சகோதரி மாக்கிறேற் குடும்பத்தினர் ஒப்புக்கொடுக்கும் பூசை."

பெண்கள் பக்கம் நான் இருக்கிறேன், நாலாவது வாங்கு. எனக்கு முன்னால் மூன்று வரிசைத் தலைகளும் அசையவில்லை. ஒருவராவது எழும்பி "பாதர், அவ இருக்கிறா" என்று சொல்லுவார்கள் என்று பார்த்தேன். ஒருத்தரும் இல்லை. ஆம்பிளைகள் பக்கம் என் மனுசன் குனிந்து இருக்கிறார், தோள் குலுங்குகிறது. பிறகு கேட்டால் இருமல் என்கிறார்.

மாக்கிறேற். ஒன்பது வருடம் கதைக்கவில்லை. நான் செத்துவிட்டேன் என்று கேள்விப்பட்டும் வீட்டுக்கு ஒரு போன் இல்லை. பூசை மட்டும். கணக்குத் தீர்த்துவிட்டாள்.

எழும்பினேன்.

"பாதர், எமிலி நான்தான். நான் சாகேல்லை."

சத்தம் பெரிதாக வரவில்லை. வர வேண்டிய அளவுக்கு வந்தது. எல்லாத் தலையும் திரும்பியது. முன்வரிசை, பின்வரிசை, பாட்டுக்காரப் பிள்ளைகள், பாதர். அவ்வளவு பேரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குப் பின்னால் ஒருத்தி மெல்லமாக, "நடிப்புக்காரியெல்லோ, விளம்பரம்" என்றாள். யாரென்று குரலில் தெரியும். எழுத மாட்டேன்.

பாதர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நல்லது அம்மா. உயிரோடை இருக்கிறவைக்கும் பூசை ஒப்புக்கொடுக்கலாம்" என்றார். என் பெயர் சொல்லியே பூசை நடந்தது.

மே 19

கத்தியை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போனேன். வேலணையில் பஸ் மாறிக் குறிகட்டுவான் போய் இறங்க வெயில் ஏறிவிட்டது. வெள்ளை உடுத்த சனம் நயினாதீவுக்கு வரிசையில் நிற்கிறது. நான் என் பனருக்குப் போய்க் கயிற்றை அறுக்கத் தொடங்கினேன்.

வரிசையில் நின்ற ஒரு மனுசி அதட்டினா. "என்ன பிள்ளை செய்யிறீர்? செத்த ஆளின்ரை படத்தை அறுக்கிறீர், பாவமெல்லோ?"

திரும்பி நின்றேன். அந்த மனுசி என் முகத்தையும் பார்த்தா, பனரையும் பார்த்தா. பிறகு கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு இரண்டு அடி பின்னுக்குப் போனா.

சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்தேன். பஸ்ஸில் அதற்கு ஒரு சீற் வேண்டியிருந்தது. பிலேந்திரனுக்கு நல்ல சந்தோசம். தடித்த பிளாஸ்ரிக், வள்ளத்து எஞ்சின் மூட இதைவிட நல்ல சாமான் கிடைக்காதாம். இப்போது கரையில் கிடக்கிற எஞ்சினில் நான் தலைகீழாகச் சிரித்துக்கொண்டிருக்கிறேன். இருக்கட்டும். அவர்களுடைய படத்துக்கு உதவியதைவிட இது நல்ல உதவி.

மே 30

மாக்கிறேற்றுக்குப் பாதர் எழுதியிருந்தாராம். அவள் பாதருக்குப் பதில் போட்டிருக்கிறாள், எனக்கில்லை. பாதர் தயங்கித் தயங்கித்தான் வாசித்துக் காட்டினார். "செத்தாலும் அவவுக்கு நாடகம்தான் என்று சொல்லுங்கோ."

நல்லது. நான் வேண்டுமென்று பனர் கட்டினேன் என்று நினைக்கிறாள். நினைக்கட்டும்.

நினைக்கட்டுமோ? என்ரை ஒரே தங்கச்சி. ஆரிட்டைப் போய் நான் இதை விளங்கப்படுத்துறது?

யூன் 14

சோளகக் காற்று தொடங்கிவிட்டது. தொழில் இல்லை. படப்பிடிப்புக்கும் போகவில்லை. சசிகரன் மூன்று முறை எடுத்தான்.

யூலை 9

இந்த முறை ஹரிஷனே எடுத்தான், கனடாவிலிருந்து இல்லை, யாழ்ப்பாணத்து ஒலிப்பதிவு அறையிலிருந்து.

முதலில் பனருக்கு மன்னிப்பு. பிறகு விசயம். மிதுஷாவின் குரல் அந்த வசனத்துக்குச் சரிவரவில்லையாம். கொழும்பில் இரண்டு பேரை வைத்துப் பார்த்தார்களாம், அவர்களும் சரிவரவில்லை. "அந்த ஒரு வசனத்துக்கு மட்டும் உங்கடை குரலைத் தருவீங்களோ அன்ரி?"

போனை வைத்துவிட்டேன்.

என் கையை எடுத்தார்கள், அது அவளுடைய கை. என் முகத்தை எடுத்தார்கள், அது பிணத்தின் முகம். இப்போது குரல். மீன் வெட்டுகிற மாதிரித் துண்டு துண்டாக எடுக்கிறார்கள். தலை ஒரு பக்கம், வால் ஒரு பக்கம். முழு ஆளாக என்னை ஒருவருக்கும் தேவையில்லை. தூ.

யூலை 10

அவர்கள் பதிந்து வைத்திருந்ததைச் சசிகரன் என் போனுக்கு அனுப்பியிருந்தான், "ஒருக்கால் கேட்டுப் பாருங்கோ அக்கா" என்று. கேட்டேன். மிதுஷா விம்முகிறாள். இழுக்கிறாள். "வரேல்லை" என்று சொல்லி முடிக்கும்போது மூச்சு வாங்குகிறாள். நல்ல பிள்ளை, பாவம், அவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தது.

ஆனால் அது எங்கள் வீட்டுக் குசினியில் சொன்ன சொல். அம்மா கேட்ட சொல். அதை இப்படிச் சொல்ல விட்டால் அந்தப் படம் ஓடுகிற நாடெல்லாம் அது பிழையாகவே கிடக்கும்.

யூலை 12

போனேன்.

சின்ன அறை, சுவரெல்லாம் மெத்தை. காதில் ஒன்றை மாட்டினார்கள். திரையில் மிதுஷா கடலைப் பார்த்துத் திரும்பி நிற்கிறாள், முதுகு மட்டும்தான் தெரிகிறது, சேலைத் தலைப்பைப் பிடித்தபடி ஒரு சின்னப் பிள்ளை. "உணர்ச்சி உங்கடை விருப்பம் அன்ரி" என்றான் ஹரிஷன் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து.

சொன்னேன். "வள்ளம் வந்திட்டுது. ஐயா வரேல்லை."

ஒரு தடவைதான். எனக்கே பிறகுதான் தெரிந்தது, தாளில் "ஐயா" என்றில்லை, "அப்பா" என்று இருந்தது. "பிழைச்சுப்போச்சு தம்பி, திருப்பிச் சொல்லவோ?" என்றேன். ஹரிஷன் தன் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டு, "வேண்டாம் அன்ரி. அப்பிடியே இருக்கட்டும்" என்றான்.

தேத்தண்ணி கொடுத்தார்கள், கதிரை கொடுத்தார்கள். குடித்துவிட்டு ஹரிஷனிடம் கேட்டேன்: "தம்பி, என்ரை பேர் போடுவீங்களோ? செத்த ஆளாய் இல்லாமல்." தலை குனிந்து, "கட்டாயம் அன்ரி" என்றான். நம்பவில்லை. ஆனாலும் பஸ்ஸில் வரும்போது நெஞ்சு லேசாக இருந்தது. பிழையைத் திருத்திவிட்டு வருகிற மாதிரி.

செப்டெம்பர் 3

முன்னோட்டம் வந்துவிட்டது. மனோகரி அனுப்பினாள். இரண்டு நிமிடம். கடல், பனை, மிதுஷாவின் கண். பிறகு என் கை. பிறகு என் குரல். கீழே எல்லாரும் எழுதுகிறார்கள், "மிதுஷாவின் குரலில் என்ன வலி", "தேசிய விருது நிச்சயம்". முடிவில் நன்றி என்று பெயர்கள் ஓடுகின்றன. நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். ஆறாவது வரியில் நாங்கள் இருக்கிறோம்: "மற்றும் தீவக மக்கள்".

போனைக் குப்புற வைத்துவிட்டுப் போய்க் கருவாடு பிரட்டினேன்.

செப்டெம்பர் 6 – சனி

மத்தியானத்துக்குப் பிறகு, புட்டுக்குத் தேங்காய் திருவ இருந்தேன். போன் அடித்தது. பிரான்ஸ் இலக்கம். திருவலைக்குப் பக்கத்தில் நிலத்தில் வைத்துச் சத்தத்தைக் கூட்டினேன். மூச்சு மட்டும் கேட்டது.

"ஆர்?"

"அந்த நடிக்கிற பிள்ளை முதுகைக் காட்டிக்கொண்டு நிக்குது," என்றாள் மாக்கிறேற். "சத்தம் உன்ரை."

"ஓம்."

"வேலைத்தலத்திலை ஒருத்தி போட்டுக் காட்டினவள். நான் அப்பிடியே கதிரையிலை இருந்திட்டன். அம்மாவுக்கு நீ இப்பிடித்தான் சொன்னனீ. இப்பிடியேதான்."

"ஓம்."

"நான் உன்ரை பாவாடையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டனான்."

"தெரியும்."

பிறகு திடீரென்று ஏசத் தொடங்கினாள். மூன்று நாள் அழுதாளாம், வேலைக்குப் போகவில்லையாம், அத்தான், என் மனுசன், அவருடைய இலக்கத்துக்குப் பத்துத் தரம் எடுத்தாளாம். அந்தப் போன் போன வருடமே கடலுக்குள் விழுந்துவிட்டது என்று அவளுக்கு யார் சொல்வது. நான் உயிரோடு இருக்கிறேன் என்று பாதர் எழுதியபோது வந்த கோபத்தில் அப்படி எழுதிவிட்டாளாம். பேய்ச்சி என்றாள். விசரி என்றாள். கை பாட்டுக்குத் திருவிக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரம் ஏசினாள் என்று தெரியாது.

இடையில் சட்டென்று நிறுத்தினாள்.

"அக்கா."

"என்ன?"

"சிரட்டை தேயுது. நிப்பாட்டு."

நிறுத்தினேன்.